மெதுவாகச் சாப்பிடுகிறவருக்கு ஒரு மேஜை

ஊர்தோறும் உணவு – 11

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் மார்க்கத்தில் சுமார் 42 கிலோமீட்டர் வந்தால் திருவள்ளூர். அந்த ஸ்டேஷனில் இறங்குகிற ஜனங்களில், வீரராகவப் பெருமாளைச் சேவிக்க வந்தவர்கள் வடக்கே ஊருக்குள் போக, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையும் தோளில் டிபன் பாத்திரப் பையுமாக வந்தவர்கள் தெற்கே இறங்கி நடக்கிறார்கள். அவர்கள் போய்ச் சேருகிற இடம் மணவாள நகர். வெங்கத்தூர் ஊராட்சியைச் சேர்ந்த ஒரு குடியிருப்பு என்றுதான் சர்க்கார் கணக்கு அதைச் சொல்லும். ஆயினும் பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற சாலைகளின் மீது அது அமைந்திருப்பதாலும், மேல்நல்லாத்தூரில் மண் அகழும் பெரும் யந்திரங்களைச் செய்கிற கேட்டர்பில்லர் ஆலை தொடங்கி அப்பால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரையில் பரந்து கிடக்கும் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள் அங்கே நின்று போவதாலும், ஒரு சிறு நகரத்துக்குரிய சகல லட்சணங்களும் அதற்கு வாய்த்துவிட்டன. மருந்துக் கடை, நகை அடகுக் கடை, செல்போன் கடை, கல்யாண மண்டபம் என்று வரிசையாக வந்தவற்றோடு ஹோட்டல்களும் வந்தன.

அந்த ஹோட்டல்கள் யாருக்காக ஏற்பட்டன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ரயில் பாதையின் மேம்பாலத்துக்கு வடக்கே கோயிலைச் சார்ந்திருப்பவை யாத்ரீகர்களை நம்பி நடப்பவை; தெற்கே சாலையோரத்தில் இருப்பவை ஷிப்ட் தொழிலாளிகளை நம்பி நடப்பவை. யாத்ரீகருக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும்; தொழிலாளிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பாதை இந்த ஊரின் வழியாகத்தான் செல்கிறது. அன்று முதல் இன்று வரையில் இங்கே சாப்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் எங்கோ போய்ச் சேர வேண்டியவர்களாகவே இருந்து வந்திருக்கிறார்கள். ஆகவே இலை போடுவதிலும், இட்லி கொண்டுவந்து வைப்பதிலும், பில்லை மேஜைமேல் வைப்பதிலும் இவ்வூர்ச் சிப்பந்திகளுக்கு அபாரமான வேகம் கைவந்திருக்கிறது. அந்த வேகத்தைக் குறையாக நான் கருதவில்லை. இரவு ஷிப்டுக்குப் போகிற ஒரு மனிதன் சொற்ப நேரத்துக்குள் வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்து போக முடிகிறது என்பது நாகரிகத்தின் ஒரு பெரிய சௌகரியம். ஆனால் எங்கும் போக வேண்டாதவராய், ஒரு விசேஷ நாளின் மாலையைக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாவகாசமாகக் கழிக்க விரும்புகிறவர் இந்த ஊரில் எங்கே போய் உட்காருவது? இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது அந்த விஷயம்.

மணவாள நகரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஒரு யந்திர ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, சமீபத்தில் ஓய்வு பெற்றவர். கம்பெனியில் சால்வை போர்த்தி, கடிகாரம் கொடுத்து, புகைப்படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டார் தங்கள் பங்குக்கு ஒரு நல்ல இடத்தில் இரவு விருந்து வைக்க ஆசைப்பட்டார்கள். எந்த இடம் என்பதில்தான் தகராறு.

"சென்னைக்கே போயிடலாம்பா. மால்ல எல்லா ஹோட்டலும் ஒரே மாடியில இருக்கு. ரெண்டு கார் எடுத்துக்கிட்டாப் போதும்" என்றான் மகன்.

நண்பரின் தாயார் எண்பதைக் கடந்தவர். கூடத்தில் உட்கார்ந்தபடியே, "எனக்கு எதுக்குடா அவ்வளவு தூரம்? நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. வரும்போது எனக்கு ரெண்டு இட்லி பார்சல் வாங்கிட்டு வந்தாப் போதும்" என்றார்.

நம் வீடுகளில் எத்தனை பாட்டிமார்கள், எத்தனை தாத்தாக்கள், எத்தனை தடவை இந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள்! அதை அவர்களுடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு நாமும் புறப்பட்டுப் போயிருக்கிறோம். அந்த அம்மையார் வர மறுத்தது விருந்தில் விருப்பம் இல்லாமையால் அல்ல. மாடிப்படி, கூட்டம், கழிப்பறை, இரவில் திரும்பி வருகிற தூரம், தம்மால் மற்றவர்களுக்குத் தாமதம் ஆகிவிடுமே என்கிற கூச்சம் ஆகிய இத்தனையையும் ஒரு கணத்தில் எண்ணிப் பார்த்து, அவற்றில் ஒன்றையும் வாய்விட்டுச் சொல்லாமல், இரண்டு இட்லியில் முடித்துவிட்டார். நண்பருக்கு இது விளங்கிற்று. "எங்கம்மா வராத விருந்து எனக்கு வேண்டாம்" என்று அவர் சொன்னதும் சென்னைப் பேச்சு நின்றது.

விசேஷ நாளுக்கு ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அங்கே என்ன கிடைக்கும் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பந்தியில் யார் எல்லோரையும்விட மெதுவாகச் சாப்பிடுவாரோ, அவரிடமிருந்து ஆரம்பிப்பதே சரியான முறை என்பது என் திடமான அபிப்பிராயம். அவர் பல் இல்லாத பாட்டியாக இருக்கலாம். ஒவ்வொரு வாய்க்கும் கதை கேட்கிற குழந்தையாக இருக்கலாம். மடியில் சிசுவை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் சாப்பிடுகிற மருமகளாகவும் இருக்கலாம். அவருக்கு எந்த மேஜை சௌகரியமோ, அதுவே மற்றவர்களுக்கும் உல்லாசமான மேஜை. அவரை அவசரப்படுத்துகிற இடத்தில் மற்றவர்கள் எத்தனை பதார்த்தங்களை வரவழைத்தாலும், சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்பதைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

ஹோட்டலில் சாவகாசமாக உட்காருவது என்பது நம் நாட்டில் புராதனமான வழக்கம் அன்று என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். சோற்றை விலைக்கு விற்பதையே பாவமாக எண்ணியிருந்த சமூகம் நம்முடையது. வழிப்போக்கருக்குச் சத்திரம், சொந்தக்காரருக்கு வீடு, விசேஷத்துக்குப் பந்தல் என்று இருந்த காலத்தில், ஹோட்டலுக்குப் போகிறவன் வீட்டில் கதியில்லாதவன் என்று கருதப்பட்டான். காபி கிளப்புகள் வந்தபோதும் அவற்றின் வாசல் எல்லோருக்கும் ஒரே மாதிரித் திறந்திருக்கவில்லை. 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகை தொங்கிய காலம் அது. திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஹோட்டலின் பலகையிலிருந்து அந்தச் சொல்லை நீக்க வேண்டும் என்று 1957-ல் பெரியார் மறியல் தொடங்க, தொண்டர்கள் அணியணியாகச் சென்று கைதானார்கள். கிராமத்து டீக்கடைகளில் இருந்த இரட்டைக் குவளைக் கொடுமையையும் நாம் மறந்துவிட முடியாது. கடைகள், பொது உணவு விடுதிகள், ஹோட்டல்கள் ஆகியவற்றில் சாதி, மதம், இனம், பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்று 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனம் தனது 15-வது பிரிவில் ஹோட்டலைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. சாசனத்தை வகுத்தவர்கள் சாப்பாட்டு மேஜையின் முக்கியத்துவத்தை நன்கு உணர்ந்திருந்தார்கள். இன்று மணவாள நகரில் ஒரு தொழிலாளியின் குடும்பம் ஊரின் மிக நல்ல ஹோட்டலுக்குள் நிமிர்ந்து நுழைந்து நடுமேஜையில் அமர்கிறது என்றால், அதற்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது. அமர்ந்த பிறகு அவர்களை எழுந்திருக்கச் சொல்லி அவசரப்படுத்தக் கூடாது என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கும் அது ஒரு காரணம்.

ராயப்பேட்டையில் 1938-ல் உடுப்பி கிருஷ்ணராவ் ஆரம்பித்த உட்லண்ட்ஸ், மவுண்ட் ரோடில் 1951-ல் ஏற்பட்ட புகாரி முதலிய ஹோட்டல்கள் குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிடுவதை மரியாதைக்குரிய காரியமாக்கின. ஆனால் சாவகாசம் என்பதற்கு இலக்கணமாக நான் நினைப்பது கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலைத்தான். மரங்களின் நிழலில் காரிலேயே தட்டை மாட்டிக்கொண்டு சாப்பிட்டவர்களும், உள்ளே ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தவர்களும் அங்கே உண்டு. எழுந்திரு என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. அந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. தோசை அந்த டிரைவ்-இன்னைவிட நன்றாகக் கிடைக்கிற இடங்கள் பட்டணத்தில் அப்போதே இருந்தன. இருந்தும் அந்த ஓட்டலைப் பற்றி இன்றைக்கும் ஜனங்கள் ஏங்கிப் பேசுகிறார்கள் என்றால், உட்காரக் கிடைத்த அந்த நேரத்தை எண்ணித்தான் பேசுகிறார்கள்.

பட்டணத்து ஹோட்டல்களில் இப்போது வேறொரு வழக்கம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரவில் நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த குடும்பம் நம் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து, நம் தட்டில் இன்னும் எத்தனை கவளம் மீதியிருக்கிறது என்று பார்த்தபடி நிற்கிறது. நிற்கிறவர்கள்மீது குற்றமில்லை; அவர்களுக்கும் பசி. ஆனால் அந்தப் பார்வைக்கு நடுவில் ஒரு தாயார் தம் மகனைப் பற்றி இரண்டு வார்த்தை பேச முடியுமா? மணவாள நகர் போன்ற ஊர் தன்னிடமே வைத்திருக்கிற அனுகூலம் இங்கேதான் தெரிகிறது. இங்கே கூட்டத்துக்கு நாளும் நேரமும் உண்டு. அவற்றை அறிந்து விலகிக்கொண்டால் மேஜை நம்முடையது.

நாள் என்றதும் முதலில் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். திருவள்ளூரில் அமாவாசை சாதாரண நாள் அன்று. வைத்திய வீரராகவப் பெருமாள் கோயிலின் ஹிருத்தாபநாசினி தீர்த்தத்தில் வெல்லத்தைக் கரைத்து, பெருமாளுக்கு உப்பும் மிளகும் காணிக்கை செலுத்தி நோய் நீங்கப் பிரார்த்திப்பதற்காக, முதல் நாள் மாலையிலிருந்தே ஜனங்கள் வந்து சேர்ந்து கோயிலைச் சுற்றித் தங்குகிறார்கள். தை அமாவாசையில் கேட்கவே வேண்டாம். புரட்டாசியில் சென்னையிலிருந்து புறப்படும் திருப்பதிக் குடைகள் இவ்வழியாகத்தான் செல்கின்றன. ஆடிக் கிருத்திகையில் திருத்தணிக்குக் காவடிகள் போகும். இந்த நாட்களில் ஊர் ஹோட்டல்களில் அடுப்பு அணைவதில்லை. அங்கே போய் விசேஷ உபசாரத்தை எதிர்பார்ப்பது அந்தச் சிப்பந்திகளுக்கு நாம் செய்கிற அநியாயம். பிறந்த நாளோ கல்யாண நாளோ அமாவாசையில் வந்துவிட்டால், விருந்தை இரண்டு நாள் தள்ளி வைப்பதில் ஒரு தோஷமும் இல்லை.

கிழமைகளில் ஞாயிறு விலக்கத்தக்கது. சனிக்கிழமை பலர் புலால் உண்பதில்லையாதலால் சைவ ஹோட்டல்களில் அன்று நெருக்கம் அதிகம். சம்பளம் வந்த வாரத்தைவிட மாதத்தின் மூன்றாவது வாரம் அமைதியானது. புதன், வியாழன் மாலைகள் உத்தமம். நேரத்தைப் பொறுத்தமட்டில், மாலைச் சிற்றுண்டிக் கூட்டம் கலைந்து இரவுச் சாப்பாட்டுக் கூட்டம் வருவதற்கு முன் ஒரு இடைவெளி எல்லா ஹோட்டல்களிலும் உண்டு. அதில் போய் அமர்ந்துவிட வேண்டும். இரண்டாவது ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்குகிற நேரத்தில் பரோட்டாக் கல்லின் சத்தம் ஒன்றே போதும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாமற்போக.

அடுத்தபடியாக, ஹோட்டலை முன்கூட்டியே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. இதை நான் நண்பரிடம் சொன்னபோது, ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு பரீட்சையா என்று தயங்கினார். போய்வந்த பிறகு தயங்கவில்லை. ஒரு வாரநாள் மாலையில் போய் இரண்டு இட்லியும் ஒரு காபியும் வரவழைத்துக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா, தரை ஈரமாய் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். வயோதிகர்கள் விழுகிற இடம் அதுதான். தண்ணீர் டம்ளரை எடுத்து வருகிற பையன் அதன் விளிம்புக்குள் விரலை விட்டுப் பிடிக்கிறானா, அடியில் பிடிக்கிறானா என்பது அந்தச் சமையலறையின் ஆசாரம் முழுவதையும் சொல்லிவிடும். சுவரில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் கண்ணில் படுகிறபடி மாட்டப்பட்டிருக்க வேண்டும். பொரித்த பண்டங்களின் வாசனையை மூக்கு சோதிக்கட்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உண்டாகிற துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்கு உபயோகிக்கக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. அதை அளக்கும் கருவி நம்மிடம் இல்லையென்றாலும், கறுத்துப் போன வடையின் ஓரமும் தொண்டையில் நிற்கிற காறலும் ஏறக்குறைய அதே சேதியைச் சொல்லிவிடும்.

எல்லாவற்றையும்விட நான் அதிகமாக நம்புகிற பரீட்சை ஒன்று உண்டு. தனியாக வந்து சாப்பிடுகிற ஒரு கிழவரை அந்த ஹோட்டல் எப்படி நடத்துகிறது என்று கவனிக்க வேண்டும். நண்பரோடு நானும் போயிருந்த அன்று, வெளிர்ந்த சட்டையும் மஞ்சள் துணிப்பையுமாக ஒரு பெரியவர் வந்து ஓர் ஊத்தப்பம் கேட்டார். பரிமாறுகிறவர் ஊத்தப்பத்தைக் கொண்டுவந்து வைத்தார், போகவில்லை. பெரியவரின் கை நடுங்குவதைப் பார்த்து, சாம்பார்க் கிண்ணத்தைத் தட்டின் நடுவிலிருந்து அவருடைய வலக்கைப் பக்கமாக நகர்த்தி வைத்து, "சூடா இருக்குப் பெரியவரே, மெதுவா" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் அடுத்த மேஜைக்குப் போனார். முதலாளி கல்லாவில் இருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காகச் செய்த காரியமாக அது தோன்றவில்லை. தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது.

அது ஓர் உயர்தர சைவ ஹோட்டல். இதில் வீட்டுக்குள் ஒரு சிறு கலகம் எழுந்தது. பேரனுக்குப் பிரியாணி வேண்டும், பாட்டியோ காசிக்குப் போய்வந்தது முதல் புலால் தொடாதவர். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கிற ஹோட்டல்களும் சாலையில் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றில் நன்றாக நடத்தப்படுகிறவையும் உண்டு. ஆனால் பாட்டி அங்கே தோசையைத் தொட்டபடி, எந்தக் கரண்டி எதில் போயிற்றோ என்று விசாரத்தோடு உட்கார்ந்திருப்பார். அதோடு பிரியாணியின் தர்மம் ஒன்று உண்டு. அது பகல் உணவு. காலையில் அடுப்பேற்றி, நண்பகலில் தம் உடைத்து, சூடு ஆறுமுன் தீர்ந்துபோக வேண்டிய பண்டம். இரவுக்கென்று தனியாகத் தம் போடுகிற கடையாக இருந்தாலன்றி, ராத்திரி எட்டு மணிக்குக் கிடைப்பது மத்தியான அண்டாவின் மிச்சமே. ஆதலால், ஞாயிற்றுக்கிழமை பகலில் பேரனுக்குத் தனியே பிரியாணி என்று நண்பர் வாக்களித்தார், பையன் சமாதானமானான். பார் இணைந்த ஹோட்டல்களை மருமகள் ஆரம்பத்திலேயே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அவளுடைய தீர்ப்பு முற்றிலும் நியாயமானது. பெண்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் இருமுறை யோசிக்க வேண்டிய இடம் குடும்ப விருந்துக்கு உகந்த இடமன்று.

சிற்றூர் ஹோட்டலின் மகத்தான சௌகரியம், முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருப்பதுதான். பட்டணத்தில் நாம் போனில் ஒரு பெயரையும் எண்ணிக்கையையும் பதிவு செய்கிறோம். இங்கே ஒரு மனிதரோடு பேச முடிகிறது. நண்பர் காபிக்குப் பணம் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"எத்தனை பேர் சார் வருவீங்க?"

"பதினொரு பேர். எங்கம்மாவுக்கு வயசாயிடுச்சு, மெதுவாத்தான் சாப்பிடுவாங்க. மாடி ஏற முடியாது."

"ஏ.சி. ஹால் மாடியிலதான் சார் இருக்கு. ஆனா கீழ அந்த மூலையில மூணு மேஜையைச் சேர்த்துப் போட்டுடறேன். ஃபேன் நல்லா வரும். புதன்கிழமை வாங்க. ஆறே முக்காலுக்கு வந்துட்டீங்கன்னா, எட்டரை வரைக்கும் உங்களை யாரும் எழுப்ப மாட்டாங்க. நான் சொல்லி வெச்சுடறேன்."

"கேக் வெட்டலாமா?"

"தாராளமா. அந்த நுரை அடிக்கிற டப்பா மட்டும் வேண்டாம் சார், பக்கத்து இலையில விழுந்துடும்."

இவ்வளவு பேச்சில் எத்தனை காரியங்கள் முடிந்துவிட்டன பாருங்கள்! பேசாமல் பதினொரு பேராகத் திடுதிப்பென்று போய் நின்றிருந்தால், நால்வர் இங்கே, மூவர் அங்கே, மீதிப்பேர் மாடியில் என்று ஒரு குடும்பம் மூன்று குடும்பமாகச் சிதறியிருக்கும். மேஜையோடு பெஞ்சைச் சேர்த்துப் பொருத்திய அறைகளைத் தவிர்த்து, நகர்த்தக்கூடிய நாற்காலிகள் உள்ள இடத்தையே கேட்டு வாங்க வேண்டும். சுவர்ப் பக்கம் ஒடுங்கி உட்கார்ந்த ஒரு கிழவியால் நாலு பேரை எழுப்பாமல் வெளியே வர முடியாது என்பதற்காகவே எத்தனையோ பேர் தாகத்தையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

என்ன சாப்பிடுவது என்பதை இவ்வளவுக்குப் பிறகு சொல்கிறேன் என்று வாசகர்கள் கோபிக்க வேண்டாம். இங்கே அது சுலபமான பகுதி. அந்த ஹோட்டல் தினந்தோறும் நூறு பேருக்குச் செய்கிற பண்டம் எதுவோ, அதைக் கேட்க வேண்டும். வாசலில் சீனம், பஞ்சாப், அரேபியா என்று சகல தேசங்களின் பதார்த்தங்களும் பலகையில் எழுதியிருக்கும். தொழிற்சாலைகளுக்கு வடநாட்டுப் பிள்ளைகள் ஏராளமாக வந்துவிட்டபடியால் ரொட்டியும் பன்னீரும் முன்னைவிட நன்றாகவே கிடைக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் மாதத்தில் இரண்டு பேர் கேட்கிற பண்டத்தை விசேஷ நாளன்று கேட்டு வாங்கி ஏமாறுவானேன்? நண்பர் வீட்டார் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் பாட்டிக்கு என்று முன்னதாகவே சொல்லி வைத்தார்கள். குழந்தைகளுக்கு நெய் ரோஸ்ட், பெரியவர்களுக்கு ஆப்பம், சப்பாத்தி, குருமா, கடைசியில் எல்லோருக்கும் பாதாம் பால். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொண்டுவந்து பரப்பாமல் இரண்டு தவணையாகக் கொண்டுவரச் சொன்னதுதான் அதில் சூட்சுமம். தோசை வகைகள் ஆறினால் தோல். பேச்சு நடக்கிற மேஜையில் அவை ஒவ்வொன்றாக வருவதே நல்லது. இடியாப்பம் காத்திருக்கும்.

விருந்து நடந்தது. மகன் செல்போனில் படம் எடுத்து முடித்ததும் தகப்பனாரிடம் முதல் நாள் வேலைக்குப் போன கதையைக் கேட்டான், அவர் தொடங்கினார், பாட்டி நடுவில் புகுந்து, அன்றைக்கு அவர் போட்டுக்கொண்டு போன சட்டை கடன் வாங்கின சட்டை என்று திருத்தினார். மகனுக்கு அது புதிய செய்தி. வீட்டுக் கூடத்தில் டெலிவிஷனுக்கு எதிரே எத்தனையோ வருஷம் சேர்ந்து உட்கார்ந்தவர்கள், அந்தச் சட்டைக் கதைக்கு ஒரு ஹோட்டல் மேஜைக்கு வர வேண்டியிருந்தது. பரிமாறுகிறவர் இரண்டு தடவை அருகில் வந்து, பேச்சு ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தண்ணீரை மட்டும் நிரப்பிவிட்டுப் போனார்.

பில் விஷயத்திலும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. பொதுவாக ஹோட்டல் சாப்பாட்டுக்கு 2017 நவம்பர் முதல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி.; ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே விகிதம்தான். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறிய ஹோட்டல்கள் அதையும் வாடிக்கைக்காரரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. பில்லில் வரி என்று கண்டால் அதன்மேல் ஜி.எஸ்.டி. எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நியாயமே. சேவைக் கட்டணம் என்று ஹோட்டல்காரர்கள் தாமாகவே பில்லில் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் நெறிமுறை வகுத்திருக்கிறது. இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு, பரிமாறியவருக்குத் தாராளமாகவே கொடுக்க வேண்டும் என்பேன். அதையும் போனில் அனுப்பும் பணத்தோடு சேர்த்துவிடாமல், ரொக்கமாக, அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். காலையிலிருந்து நின்ற கால்களோடு நமக்காக ஒன்றே முக்கால் மணி நேரம் அவசரப்படாமல் இருந்தவர் அவர்; அவருடைய வருமானம் மேஜைகள் எத்தனை தடவை காலியாகி நிரம்புகின்றன என்பதைப் பொறுத்தது. பதினொரு பேர் நீண்ட நேரம் அமர்ந்ததால் அவர் இழந்ததை ஈடுசெய்வது நம் கடமை.

மறுநாள் காலையில் நண்பர் அந்த ஹோட்டலுக்குக் காபி சாப்பிடப் போனார். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, பெண்கள் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்பதையும், பாட்டி உள்ளே போனபோது மருமகள் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது என்பதையும் முதலாளியிடம் சொன்னார். அவருக்கு அது தெரியாது. பெண்கள் யாரும் இதுவரை அவரிடம் சொன்னதில்லையாம். கல்லாவை விட்டு எழுந்து போய்த் தாமே பார்த்துவிட்டு வந்து, தச்சருக்குப் போன் செய்தார்.

(அடுத்த வாரம்: கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் மத்தியானச் சாப்பாடு)